சுடுதண்ணீரில் ஒட்டகம்

என்னங்க,

செவ்வாய்க்கிழமை காலையில் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். அதற்குப் பின்னாலேயே, வருசம் முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் வெந்து கிடந்த பிளாஸ்டிக்கின் வாசம். அந்த வாசத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். அத்தர் வாசத்திலும் மல்லிகை வாசத்திலும் நினைவுக்கு வருகிற புருசன்மார் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எனக்கு வாய்த்தவர் வெந்த பிளாஸ்டிக்கில் வருகிறார்.

எதிர்பார்த்தபடியே சுரூபங்களில் ஒன்றுகூட நேராக இல்லை. சூசையப்பர் இடுப்போடு மடங்கி, தொலைந்த செருப்பைத் தேடுகிறவர் போல நின்றார். இடையன் தோளில் கிடந்த ஆட்டோடு சேர்ந்து பின்னால் சாய்ந்திருந்தான். சம்மனசின் ஒரு சிறகு காதுக்கு மேல் ஏறியிருந்தது. ஒட்டகம்தான் படுமோசம். நான்கு காலும் நான்கு திசைக்குப் போய், வயிறு தரையில் கிடந்தது. மாதா முழங்காலிட்டே இருப்பதால் அவளை மட்டும் வெயிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ். இந்த வருசம் குடில் வேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பாலன் பொறக்குறதுக்குத் துக்கம் ஏதும்மா? நீ பொம்மைகளை எடுத்து நேரா பண்ணி வையி. சனிக்கிழமை நான் வாரேன்" என்று புதுக்கோட்டையிலிருந்து போனிலேயே அதட்டினாள் உங்கள் மகள். அவளுக்கு உங்கள் முகம், என் வாய். சரியென்று அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

தண்ணீர் காய்கிறபோதே எனக்குள் அந்தப் பழைய கேள்வியும் காய ஆரம்பித்துவிட்டது. உங்களுக்குக் குவைத்தில் இன்னொரு வீடு இருந்ததா, இல்லையா? இன்னொரு பிள்ளை இருந்ததா, இல்லையா? நீங்கள் உயிரோடு இருக்கும்போது கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி. கல்லறைக்குள் போன மனுசனிடம் கேட்டு என்ன கிடைக்கப்போகிறது என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். அவர்கள் புருசன்மார் சுடுதண்ணீரில் ஒட்டகத்தை முக்கி எடுத்ததில்லை.

நீங்கள் குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த வருசம்தான் இது ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் வளைந்த சுரூபங்களை நான் வைக்கோலில் சாய்த்துத்தான் நிறுத்துவேன். ஒரு தடவை மூன்று ராஜாக்களில் நடு ராஜா தலைகுப்புற விழுந்து பாலனை அமுக்கிவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தன. நீங்கள் வந்த அந்த டிசம்பரில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"ஏ லூர்து, தண்ணி கொஞ்சம் காய வையி."

குளிக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அடுப்படியில் வந்து மணை போட்டு உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கொதிக்குமுன் இறக்கச் சொன்னீர்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தண்ணீருக்கு மேல் நீட்டி, ஒரு சொட்டைத் தெளித்துப் பார்த்தீர்கள். ஒட்டகத்தை ஜல்லிக் கரண்டியில் வைத்து உள்ளே முக்கினீர்கள். வெளியே எடுத்தபோது அதன் கால்கள் வதங்கிய கீரைத்தண்டு மாதிரி துவண்டன. ஒவ்வொரு காலாகப் பிடித்து நிமிர்த்தி, நேராக இருப்பதற்கும் மேலே ஒரு துளி எதிர்ப்பக்கம் சாய்த்து, குளிர்ந்த தண்ணீர்க் குண்டானுக்குள் பிடித்துக்கொண்டீர்கள்.

"நேரா நிக்கணும்னா கொஞ்சம் அங்கிட்டும் சாய்க்கணும்டி. அதுவா இங்கிட்டுத் திரும்பி வரும்" என்றீர்கள்.

லீவில் வருகிற காலத்தில் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் 'தண்ணி' என்று என்னைக் கூப்பிடுகிற மனுசன். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் நீங்கள் எண்ண ஆரம்பித்தீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் வீடுகளில் முட்டை வேகிறதுக்கும் கஞ்சி கொதிக்கிறதுக்கும் கணக்கு ஜெபம்தான். ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு மூடியைத் திற என்பாள் என் அம்மா. உங்கள் அம்மாவும் அப்படித்தான். இரண்டு வீட்டிலும் அடுப்படியில் கடிகாரம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை நீங்கள், ஒட்டகத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, "வாஹித், இத்னேன், தலாதா, அர்பா…" என்று அரபியில் எண்ணினீர்கள். சும்மா எண்ணினாலும் பரவாயில்லை. ராகம் போட்டு எண்ணினீர்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, 'கம்ஸா' வந்ததும் கண்ணை அகல விரித்து, ஒட்டகத்தைப் பட்டென்று வெளியே தூக்கிக் காட்டினீர்கள். யாருக்குக் காட்டினீர்கள்? அங்கே நான் மட்டும்தான் நின்றேன். நீங்கள் காட்டியது என் இடுப்பு உயரத்துக்கு.

"எங்கங்க கத்துக்கிட்டீங்க இதை?"

"அங்கிட்டுத்தான்."

"அங்கிட்டுன்னா?"

"குவைத்துலதான்டி. வேற எங்கிட்டு?"

"அரபிக்காரன் வீட்டுல குடில் வச்சீங்களாக்கும்?"

"தண்ணி ஆறுது பாரு. அந்த இடையனை எடு."

எலி எதற்கு அம்மணமாக ஓடுகிறது என்று அன்றைக்கே எனக்குப் பிடிபட்டுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது, அதை நான் மறைத்ததில்லை. கீரைக்கட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். சாமியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால்கூட எங்கே கிளம்பப்போகிறார் என்று யோசிப்பேன். ஆனால் உங்கள் விசயத்தில் நான் சும்மா சந்தேகப்படவில்லை, என்னிடம் சாட்சி இருந்தது. தண்ணீரின் சூட்டை மணிக்கட்டில் பார்ப்பது பிள்ளை குளிப்பாட்டுகிறவர்கள் செய்வது. ஸ்டெல்லாவை நீங்கள் ஒரு நாளும் குளிப்பாட்டியதில்லை. அதற்கும் முன்னால், ஸ்டெல்லா சின்னவளாக இருந்தபோது யாரோ ஊருக்கு வருகிறவரிடம் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் மிருகங்கள் கொடுத்தனுப்பினீர்கள் அல்லவா? அதில் ஒட்டகச்சிவிங்கியின் காதில் பல் பதிந்த தடம் இருந்தது. பால் பல். சின்னச் சின்னதாக. புதுப் பொம்மையைக் கடையிலேயே யார் கடித்துப் பார்ப்பார்கள்?

அப்போதெல்லாம் நீங்கள் போனில் பேசும்போது நான் உங்கள் பேச்சைவிடப் பின்னால் கேட்கிற சத்தத்தைத்தான் அதிகம் கேட்பேன். எந்தப் பாத்திரம் உருளுது, எந்தக் கதவு சாத்துது, யார் இருமுறா. ஒரு தடவை ஒரு குழந்தை சிரித்தது. "யாருங்க அது?" என்றேன். "டிவிதான்டி" என்றீர்கள். பக்கத்து ஊரில் ஒருவர் துபாயில் இருந்துவிட்டு வந்து செத்து, அடக்கத்தன்று ஒரு அம்மாவும் பையனும் கார் பிடித்து வந்து கல்லறை வாசலில் நின்ற கதை ஊரே அறிந்தது. அந்த வீட்டுக்காரி அன்றைக்கு மயங்கி விழுந்தது புருசன் செத்ததற்கு இல்லை. நான் அப்படி விழத் தயாராக இல்லை.

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு அங்கிட்டுப் புள்ளை இருக்கா?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. நான் பார்த்தது அதைத்தான்.

"என்னடி கேக்குற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"போடி கிறுக்கி. ரசத்தை ஊத்து."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்றது பாவம்டி. ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி படிச்சவதான நீ?"

பூசைக்கு வந்தால் பிரசங்கத்தில் தூங்கிவிழுகிற மனுசனுக்கு அன்றைக்குப் பத்துக் கட்டளையும் மனப்பாடமாக இருந்தது. நான் ரசத்தை ஊற்றினேன். உங்கள் கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. மிளகு ரசம். அதனால் அதையும் நான் நம்பவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு டிசம்பர் வந்தால் உங்கள் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் முக்கி எடுக்க, நான் ஈரம் துடைத்து வரிசையாக வைப்பேன். நீங்கள் அதை ஆசை என்று நினைத்திருப்பீர்கள். நான் காவல் இருந்தேன். எந்த நேரத்தில் வாய் தவறி ஒரு பேர் வரும் என்று காத்திருந்தேன். ஒரு ராஜாவை நிமிர்த்திவிட்டு, "ஒங்கப்பாரு மாதிரி இருக்காரு பாரு, மீசையும் முறைப்பும்" என்பீர்கள். சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே சந்தேகப்படுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. நல்லாத்தான் இருந்தோம் அந்த வருசங்களில்.

பிறகு தவக்காலத்தில் ஒரு விடிகாலையில் நெஞ்சைப் பிடித்தீர்கள். திருச்சிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அடக்கத்தன்று நான் அழுதேன், ஊரே பார்த்தது. ஊர் பார்க்காத ஒன்றும் இருந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு காரையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருத்தி இறங்குகிறாளா, கையில் யாரையாவது பிடித்திருக்கிறாளா என்று. ஒருத்தியும் வரவில்லை.

அடுத்த வாரம் உங்கள் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுத்தேன். ஒரு இளம்பெண் குரல் அரபியில் என்னமோ சொன்னது. நடுவில் உங்கள் பேரைச் சொன்னது. நாங்கள் யாரும் கூப்பிடாத மாதிரி, பாதியாகச் சுருக்கி, செல்லமாக. பிறகு அழுதது. நான் போனை வைத்துவிட்டேன். வேறு என்ன செய்வேன்? யாரென்று தெரியாத ஒருத்தி என் புருசனுக்காக அழுதால் நான் கூடச் சேர்ந்து அழவா முடியும்? அன்றையிலிருந்து அந்தப் போனுக்கு நான் சார்ஜ் போடாத நாளில்லை. அது மறுபடி அடிக்கவேயில்லை.

இந்தக் கணக்கோடுதான் செவ்வாய்க்கிழமை காலை ஒட்டகத்தைக் கரண்டியில் வைத்து முக்கிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் குரல் கேட்டது.

"தங்கச்சி, இருக்கீங்களா?"

அந்தோணி அண்ணன். விராலிமலைப் பக்கத்துக்காரர், குவைத்தில் நீங்கள் வேலை பார்த்த அதே வீட்டில் இரண்டாவது டிரைவராக இருந்தவர். நீங்கள் இறந்தபோது லீவு கிடைக்காமல் அங்கேயே கிடந்து தவித்தவர், இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு காப்பி போடுகிறேன் என்று நான் எழுந்ததும் என் பின்னாலேயே அடுப்படி வரை வந்து, குண்டானையும் கரண்டியையும் பார்த்தார்.

"அட! மச்சான் வேலையை நீங்க பாக்குறீங்களா?"

"அவரு வேலைன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"தெரியாம? தினம் பாத்த கூத்துல்ல அது. நூரா பொம்மைக்கு."

நூரா. கரண்டியைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் போட்டிருப்பேன்.

"யாருண்ணே நூரா?" என்று பருப்பு விலை கேட்பது போலக் கேட்டேன்.

"அந்த வீட்டுக் கடைசிப் புள்ளைம்மா. அதை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வாரது மச்சான் வேலை. வண்டி ஏறும்போது கையில யானை, ஒட்டகம், சிங்கம்னு எதையாச்சும் கொண்டாந்துரும். எறங்கும்போது கார்லயே போட்டுட்டுப் போயிரும். அந்த ஊரு வெயிலு இருக்கே, நம்ம வெயிலெல்லாம் வெயிலே இல்ல. சாயங்காலம் பாத்தா எல்லாம் கழுத்துத் தொங்கிப்போயிக் கெடக்கும். ஒரே அழுகை. வண்டியை விட்டு எறங்கவே எறங்காது. மச்சான் டீக்கு வச்சிருக்க பிளாஸ்க்குத் தண்ணியை மூடியில ஊத்தி, சூட்டை மணிக்கட்டுல பாத்து, பொம்மையை முக்கி, நிமித்தி, ஏசிக் காத்துல புடிப்பாரு. ரெண்டு பேரும் சேந்து எண்ணுவாங்க. அஞ்சு சொன்னதும் அந்தப் புள்ளை கை தட்டும் பாருங்க…"

அண்ணன் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிக் காட்டினார். நான் சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளையோட அம்மா?"

"அந்த அம்மாவை நாங்க எங்க கண்டோம்? கண்ணாடி வழியா பின் சீட்டைப் பாத்தாலே அந்த வீட்டு மூத்த மகன் கத்துவான்."

"சமையக்காரி, நர்ஸு, அப்படி யாராச்சும்?"

அண்ணனுக்கு அப்போதுதான் நான் எங்கே போகிறேன் என்று புரிந்தது. "அட ஆண்டவரே! தங்கச்சி, நானும் மச்சானும் கடைசி வரைக்கும் ஒரே ரூமு. அவரு விடுற குறட்டைக்கு எவ வருவா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போன் வந்ததைச் சொன்னேன். "அது நூராதான். நான்தான் மச்சான் போனதைச் சொன்னேன். துக்கம் கேக்கணும்னுச்சு. நீங்க வச்சிட்டீங்கன்னு அழுதுச்சு" என்றார். பல் தடம் பற்றியும் கேட்டேன். அந்த வீட்டம்மா பழைய பொம்மைகளைக் குப்பையில் போடச் சொல்லி உள்ளேயிருந்து கொடுத்தனுப்புவாளாம். நீங்கள் எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்டெல்லாவுக்கென்று சேர்த்து வைப்பீர்களாம்.

"என்ன வயசுண்ணே அந்தப் புள்ளைக்கு?"

"நம்ம ஸ்டெல்லா செட்டுத்தான். மச்சான் அடிக்கடி சொல்லுவாரு, இதுக்குப் பல்லு விழுந்தா அதுக்கும் விழுந்திருக்கும்னு."

காப்பி கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தேன். நியாயப்படி எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பொம்பளை இல்லை, வீடு இல்லை, தாலி இல்லை. ஒரு மூச்சு நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம், உங்களை எழுப்பி உட்காரவைத்துக் கேட்கிற அளவுக்கு.

நான் பட்ட சந்தேகம் பொய்யா? சொல்லுங்கள். பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பிளாஸ்க்கும் ஏசியும் ராகமுமாக ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். பொம்பளையாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியிருப்பேன், நாலு பேரைக் கூட்டியிருப்பேன். கழுத்துத் தொங்கின பொம்மைக்காக அழுத ஒரு குழந்தையோடு நான் எப்படிச் சண்டை போடுவேன்?

ஸ்டெல்லாவுக்குப் பேச்சு வந்த புதிதில் நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இந்த மாமா எப்பப் போவாரு?" என்று கேட்டாள். நான் பதறிப்போய் அவளை அதட்டினேன். நீங்கள் சிரித்துவிட்டு, மத்தியானம் பசியில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தின் முதல் நாள், நான்தான் சைக்கிளில் உட்காரவைத்து வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். 'அப்பா வரலையா' என்று டீச்சர் கேட்டதற்கு, 'அப்பா போன்ல இருக்காரு' என்றாள். பொறாமைதான். வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. என் பிள்ளைக்கு வர வேண்டியது அத்தனையும் கடல் தாண்டி ஒரு காருக்குள் செலவாகியிருக்கிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. தண்ணீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். எனக்குப் போன தூக்கம் போதும், அவளுக்கும் எதற்கு.

சனிக்கிழமை வந்தாள். தைலமரக் கொப்பு வெட்டிக்கொண்டு வந்து குடிலுக்குக் கூரை போட்டாள். நடு ராஜா மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார் என்று சொல்லி, தண்ணீர் வைக்கச் சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜாவை முக்கிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தோணி மாமா வந்திருந்தாராமே. நூராவைப் பத்திச் சொன்னாரா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு எப்படிடி தெரியும்?"

"அப்பா சொல்லியிருக்காரு."

"எப்ப?"

"கார் ஓட்டக் கத்துக்குடுத்தாருல்ல, அப்ப. வீட்டுல இருந்தாத்தான் அவரு பேசமாட்டாரு. கார்ல ஒக்காந்தா வாய் தானா தொறக்கும்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல, இத்தனை வருசமா?"

"சொல்லாதன்னாரு."

"ஏன்னு கேக்குறேன்."

அவள் ராஜாவைக் குளிர்ந்த தண்ணீருக்குள் மாற்றிப் பிடித்தாள். பிறகு உங்கள் குரலிலேயே சொன்னாள். "'ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. அந்தப் புள்ளைக்கு இவ்வளவு செஞ்சீங்களே, இந்தப் புள்ளைக்கு என்ன செஞ்சீங்கன்னு. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல பாப்பா. அவ என்னைய என்ன வேணா சந்தேகப்பட்டுக்கட்டும். அதை மட்டும் கேட்டுறக் கூடாது'ன்னாரு."

ஆமாம், கேட்டிருப்பேன். அதே வார்த்தையில் கேட்டிருப்பேன். என்னை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்கள் பாருங்கள். இன்னொரு பெண்டாட்டி வைத்திருந்தவர் என்ற பேரைத் தலையில் சுமந்துகொண்டு என் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள், அந்த ஒரு கேள்விக்குப் பயந்து.

"ஒனக்குக் கோவம் வரலையாடி?" என்றேன்.

"வந்துச்சு. ரெண்டு நாள் வண்டி ஓட்டப் போகல. அவரு வாசல்ல வண்டியை எடுத்து வச்சிக்கிட்டு ஒக்காந்தே இருந்தாரு. அப்புறம் போனேன்." ராஜாவை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்தாள். "எனக்கு மட்டும்னு அப்பா குடுத்தது அது ஒண்ணுதாம்மா. ஒனக்கே தெரியாத ஒண்ணு. அதையும் ஒங்கிட்டக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு? அதான் சொல்லல."

திட்டவும் முடியவில்லை, கட்டிப்பிடிக்கவும் முடியவில்லை. அப்பனும் மகளும் சேர்ந்து என்னிடமே, அதுவும் என் கண் முன்னாலேயே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். அவளை ஏற இறங்கப் பார்த்தேன்.

"வேற என்ன சொன்னாரு?"

"வேறன்னா?"

"வேற ஏதாச்சும். எனக்குத் தெரியக்கூடாதுன்னு."

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு பேரு, ஒரு ஊரு, ஏதாச்சும் இருக்கும்."

"அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணுமே இல்ல." நான் சந்தோசப்படுவேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. கையில் பிடித்திருந்த ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அடக்கத்தன்று அப்படி இல்லை. கல்லறையில் மண் போட்டபோதும், நாற்பதாம் நாள் பூசையிலும் அப்படி இல்லை. நீங்கள் வெளிநாட்டில் இருந்த வருசமெல்லாம் நான் உங்களை நினைக்காத நேரம் கிடையாது. இப்போது என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார், எதை மறைக்கிறார் என்று. திரும்பி வந்த பிறகும் அதே நினைப்புத்தான். செத்த பிறகும் அதேதான். எங்கேயோ இருந்துகொண்டு என்னமோ செய்கிறீர்கள், நான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. சனிக்கிழமையோடு அது தீர்ந்துவிட்டது. உங்களைப் பற்றி இனி எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டெல்லா ஊருக்குப் போய்விட்டாள். இன்றைக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சமைத்து, சாப்பிட்டு, உங்களைப் பற்றி யோசிக்கலாம் என்று உட்கார்ந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எந்த நாளை எடுத்துப் புரட்டினாலும் அதற்குப் பதில் இருக்கிறது. பழக்கம் மட்டும் போகவில்லை. கை எதையாவது பிரித்துப் பார்க்கத் தேடுகிறது.

இன்னும் ஒன்றே ஒன்றையாவது என்னிடமிருந்து மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா, மனுசா?